எப்பலேர்ந்து இருக்கு?

நோயாளியிடம் பேச வேண்டுமென்றால் முதலில் கூட வந்தவர்களின் வாயை அடைக்க வேண்டும். நர்சிங் படிக்கும்போது இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லித் தரவில்லை. தனிமை கொடு, கண்ணைப் பார்த்துக் கேள், பதிலை நீயே எடுத்துக் கொடுக்காதே என்று நாசூக்காகச் சொன்னார்கள். காரைக்காலில் பெண்கள் வார்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்கு அதன் அர்த்தம் புரிந்தது. ‘உங்களுக்கு என்னம்மா பண்ணுது?’ என்று கேட்டால் புருஷன் பதில் சொல்வார். அவர் மூச்சு வாங்கும் நேரத்தில் மாமியார் சொல்வார். வெளிக்கு ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டால்கூட நாத்தனார் முந்திக்கொள்வார். ‘அவங்களுக்கும் வாய் இருக்குல்ல? எல்லாரும் போயி டீ குடிச்சிட்டு வாங்க’ என்று விரட்டுவேன். வார்டில் எனக்கு வாயாடி என்று பெயர். இருக்கட்டும். திரையை இழுத்துவிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால், அந்தப் பெண் தன் உடம்பைப் பற்றித் தானே பேச ஆரம்பித்துவிடுவாள்.

அடுத்த தலைவலி, நாள் கணக்கு. எப்பலேர்ந்து இருக்கு என்று கேட்டால் யாரிடமும் தேதி இருக்காது. வயல் பக்கத்துக் குரும்பகரத்துக்காரர்கள், ‘நாத்து பறிச்சப்ப ஆரம்பிச்சுது’ என்பார்கள். கடலோரத்துக் கோட்டுச்சேரிமேட்டுக்காரர்களுக்கோ எல்லாமே தடைக்காலத்துக்கு முன்னால், இல்லாவிட்டால் தடைக்காலத்துக்குப் பின்னால். மீன் முட்டையிடும் மாதங்களில் போட்டுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று அரசாங்கம் நிறுத்திவைக்கும் காலம் அது. நான் அந்த ஊரில் பிறந்தவள், அதனால் எனக்கு இந்தக் கணக்கு அத்துப்படி.

எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கும் அதுதான் காலம். ஆம்பளைகள் கரையில் இருப்பார்கள், பொம்பளைகளுக்கு மீன் கூடை இல்லை, கூட இருக்க ஆள் கிடைக்கும். கர்ப்பப்பை ஆபரேஷன், குடலிறக்கம், கண் புரை எல்லாவற்றையும் கத்திரி வெயிலுக்கு ஒத்திவைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அந்த மாதங்களில் எங்கள் வார்டில் கட்டில் கிடைக்காது. ‘உங்க ஊர்ப் பஞ்சாயத்தையே இங்க கூட்டிடலாம் போலிருக்கே’ என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அப்படி ஒரு தடைக்காலத்தின் முதல் நாள் காலையில் என் அக்கா வந்தாள். அவள் புருஷன், என் மாமாவும் கூட வந்திருந்தார். மாரில் கட்டி என்றாள். சொந்தக்காரர்களிடம் நாங்களே விவரம் கேட்கக் கூடாது. கேட்கிறவள் கலங்கிவிடுவாள், சொல்கிறவள் மறைத்துவிடுவாள். இன்னொரு சிஸ்டரைக் கூப்பிடப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘முன்னப்பின்ன தெரியாத பொண்ணுகிட்ட நான் மாரைத் தொறந்து காட்டமாட்டேன். நீயே பாரு’ என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமாவைப் பார்த்து, ‘நீங்க வெளியில நில்லுங்க’ என்று அவளே அனுப்பிவிட்டாள்.

திரையை இழுத்தேன். ஜாக்கெட்டைக் கழற்றிக் கையைத் தூக்கச் சொன்னேன். தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. ஒரு பக்கத்துத் தோல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கட்டி கல்லாக இருந்தது, விரலுக்கு நகரவில்லை. அக்குளிலும் தட்டுப்பட்டது. முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பது எங்கள் தொழில். அன்றைக்கு அதைச் செய்ய நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

‘எப்பலேர்ந்துக்கா இருக்கு?’

‘போன தடை முடிஞ்சு போட்டு எறங்குச்சுல்ல, அன்னிக்கிக் குளிக்கிறப்ப கையில தட்டுப்பட்டுச்சு. மொச்சைக்கொட்டையாட்டம் இருந்துச்சு.’

கிட்டத்தட்ட ஒரு வருஷம். எனக்கு வந்தது அழுகையில்லை, கோபம்.

‘வாராவாரம் மீனைக் கொண்டாந்து என் வீட்டு வாசல்ல நின்னியேக்கா. இதையும் வச்சுக்கிட்டா நின்ன? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது?’

‘சொன்னா அன்னிக்கே இழுத்துக்கிட்டுப் போயிருப்ப. அப்பதான் தொழில் ஆரம்பிச்சிருக்கு. நான் போயிப் படுத்துக்கிட்டா மீனை யாரு விக்கிறது, புள்ளைங்களுக்கு யாரு ஆக்கிப் போடுறது? அது வலிக்கவும் இல்லடி.’

‘மாமாவுக்குத் தெரியுமா?’

‘போன வாரம்தான் சொன்னேன். ஒரு வருசம்னு நீ அவுங்ககிட்ட சொல்லிடாத. மனுசன் தாங்கமாட்டாரு. என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணு.’

பண்ணினேன். டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். மாமாவிடம் மட்டும், இப்போதுதான் வந்திருக்கும் போல என்று மழுப்பினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டுக்கொண்டார்.

புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில் ஈரல்வரை போயிருந்தது. ஊசி போட்டார்கள், முடி கொட்டியது, சாப்பாடு இறங்கவில்லை. போட்டுகள் மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்தபோது மாமா போகவில்லை. அவளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். நான் போகும்போதெல்லாம் அக்கா என்னை ஒரு பார்வை பார்ப்பாள், மாமாவிடம் சொல்லவில்லையே என்று. சொல்லவில்லை என்று நானும் தலையாட்டுவேன். கார்த்திகை அடைமழையில் போய்ச் சேர்ந்தாள். எத்தனையோ பேர் கண்ணை மூடிவிட்ட கை என்னுடையது. அவள் கண்ணை மூடிவிட முடியாமல் வெளியே ஓடிவந்து மழையில் நின்று கத்தி அழுதேன்.

கருமாதி முடிந்த பிறகு ஒருநாள் மாமா என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். பிறகு, ‘கட்டி எப்ப வந்துச்சுன்னு அவ உன்கிட்ட என்ன சொன்னா?’ என்று கேட்டார்.

‘வர்றதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடின்னுதான் மாமா சொன்னா’ என்றேன். செத்தவளுக்குப் பண்ணிய சத்தியம்.

அவர் தலையை ஆட்டினார். ‘இல்ல. தட்டுப்பட்ட அன்னிக்கே என்கிட்ட சொல்லிட்டா. ஈரத் தலையோட வந்து என் கையை எடுத்து அது மேல வச்சா. பயமா இருக்குங்க, தங்கச்சிகிட்ட காட்டிட்டு வந்துடட்டுமான்னா. நான்தான், போட்டு எறங்குற நேரத்துல என்னத்துக்கு, தடைக்காலம் வரட்டும், நானே கூட்டிக்கிட்டுப் போறேன்னேன். அப்புறம் அவ கேக்கவே இல்ல.’

சொன்னபடி கூட்டிக்கொண்டுதான் வந்தார். தடை தொடங்கிய முதல் நாளே, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு.

‘நீ என்னை ஏசுவேன்னுட்டுத்தான் அவ மறைச்சிருக்கா. ஏசிடும்மா. யாராச்சும் ஏசுனா தேவலாம்னு இருக்கு’ என்றார்.

ஏசுவதற்கு என்னிடம் வார்த்தை இல்லாமலா? தொண்டைவரை வந்தது. என் அக்காவுக்குப் பயமாக இருந்திருக்கிறது. ஒரு வருஷம் முழுக்கப் பயமாக இருந்திருக்கிறது. என்னிடம் வர வேண்டும் என்று இவரிடம் கேட்டிருக்கிறாள். வாராவாரம் என் வாசலில் வந்து நின்றும் சொல்லவில்லை. அத்தனையையும் விழுங்கிக்கொண்டு, இந்த மனுஷனை நான் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று என் கையில் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

‘கையைக் கழுவிட்டு வாங்க மாமா, சாப்பிடலாம்’ என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. அக்கா அவருடைய கையை எடுத்துக் கட்டிமேல் வைத்தாளே, அந்த வலது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.