பெரியப்பாவுக்குப் பக்கத்தில்

“கல்யாணத்தைக் கட்டிக்க தம்பி, கையோட குருப்பட்டத்துக்கு அனுப்பி வைக்கிறோம்” என்றார்கள் சபைக் கமிட்டியில்.

என் தம்பி, பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சர்ச்சில் உபதேசியார். பிரசங்கம், தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் ஜெபம், சாவு வீடு எல்லாம் அவன்தான். திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்க மட்டும் மாதம் ஒருமுறை டவுனிலிருந்து குருப்பட்டம் பெற்ற ஐயர் வரவேண்டும். தானும் ஒருநாள் ஐயராகவேண்டும் என்பதே சின்ன வயதிலிருந்து அவனுக்கிருந்த ஆசை.

சரியென்று தலையாட்டியிருந்தால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்திருக்கும். இவன் எழுந்து நின்றான்.

“எனக்குப் பொம்பளைங்க மேல நாட்டமில்லீங்க. ஆம்பளைங்க மேலதான். அதை மறைச்சு ஒரு புள்ளையைக் கட்டினா, அது வாழ்க்கை என்னங்க ஆகும்?”

கமிட்டியில் இருந்த ஒரே பொம்பளை நான். பெருமையாக இருந்தது. பயமாகவும்தான்.

ஆளாளுக்கு வேத வசனத்தை எடுத்து விட்டார்கள். வசனம் தெரியாதவர்கள் இருமினார்கள். அப்பா போனபிறகு எங்களை வளர்த்த பெரியப்பா, “இவன் கையால நான் அப்பம் வாங்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கடைசியில் ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்று முடித்தார்கள். முடியாது என்பதை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு வந்தது. தம்பி முதல் ஆளாகப் போய்ப் பலிபீடத்தின் முன்னாலுள்ள கிராதியில் முழங்காலிட்டான். எங்கள் சர்ச்சில் எல்லோருக்கும் ஒரே கிண்ணம். அவன் வாய் வைத்ததில்தான் பக்கத்து ஆள் குடிக்கவேண்டும். யாருக்கும் கால் வரவில்லை. நான் எழுவதற்குள் பெரியப்பா எழுந்துவிட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே அவன் பக்கத்தில் இறங்கினார். ஐயர் கிண்ணத்தை அவனிடமிருந்து அவரிடம் கொண்டுவந்தார். பெரியப்பா குடித்தார்.

பிறகு எழும்ப முடியவில்லை. மாதாமாதம் செய்கிற மாதிரியே தம்பியிடம் கையை நீட்டினார். அவன் தயங்கினான்.

“என்னடா பாக்குற? தூக்கு.”

அத்தனை பேர் முன்னாலும் நான் வாய்விட்டு அழுதேன்.

அதற்காக மனிதர் மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அடுத்த கமிட்டியிலும் தம்பிக்கு எதிராகத்தான் கை தூக்கினார். தேயிலை மலைக்குள் ஏறி வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு ஆத்திரம் தாளவில்லை.

“இனி அவரு பக்கத்துல போயி முட்டி போடாத. கெடந்து கஷ்டப்படட்டும்” என்றேன்.

“அவருக்கு இடது முட்டிதான் வலிக்குது, அக்கா” என்றான் தம்பி. “நான் அந்தப் பக்கம் இருந்தாத்தான் எந்திரிக்க முடியும்.”