மலை பூத்த ஞாயிறு

சண்முகவடிவுக்கு இரண்டு கண் போதாதென்று கடவுள் மூன்றாவதாக ஒரு கேமராவைக் கொடுத்துவிட்டார் என்று நான் அடிக்கடி சொல்வேன். "கடவுள் எங்கடி கொடுத்தாரு, கண்டியில பழைய சாமான் கடையில நான்ல தேடி எடுத்தேன்" என்பாள். ஹட்டன் டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் அவளுக்கு வேலை. வருகிறவர்களை உட்காரவைத்து, "இது தெளிவா, அது தெளிவா" என்று வில்லை மாற்றி மாற்றிக் கேட்பாள். கடை பூட்டிய பிறகும் அந்தக் கேள்வி அவளை விடாது. பூ ஒன்றின் முன்னால் குந்திக்கொண்டு தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருப்பாள்.

நான் அனோஜா, அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி, தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு மூட்டை தூக்குகிறவளும் நான்தான். கந்தப்பளைக்கு கார்ணேசன் பூ எடுக்கப் போனோம், உடப்புசல்லாவைக்கு ஓடையோரத்து வெள்ளை லில்லி எடுக்கப் போனோம். போன இடத்தில் எல்லாம் ஊரைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அவள் பார்த்தது ஒரு பூவின் நடுப்பகுதியை. திரும்பி வரும் பஸ்சில் என் கால் அட்டைகளை நான் பிடுங்கிக்கொண்டிருப்பேன். அவள் காலில் ஏறிய அட்டை நிம்மதியாகக் குடித்துவிட்டுத் தானாகவே இறங்கிப் போயிருக்கும். இதனால் எனக்குத் தவறிய ஞாயிறு சர்ச் பூசைகளுக்கு மேலே போய் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பூவை நெருங்கி எடுக்க மேக்ரோ லென்ஸ் என்று ஒன்று இருக்கிறதாம். நுவரெலியா படப்பிடிப்பாளர் சங்கத் தலைவர் வியாகுலம் சேரிடம் அது இருந்தது, நீளமாக, கறுப்பாக, ஒரு குட்டி பிளாஸ்க் அளவில். வடிவு அது மாதிரி ஒன்றைக் கடை ஜன்னலில் பார்ப்பாள், போனில் பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள். முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதைதான். கடைசியில் அவள் செய்த காரியத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. ஒரு பழைய லென்சை வாங்கி, ஒரு சின்ன வளையத்தைப் போட்டு, முன்பக்கம் பின்பக்கமாகக் கேமராவில் திருப்பி மாட்டினாள். சட்டையைப் புரட்டிப் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் அதன் வழியாக ஒரு எறும்பைப் பார்த்தபோது நான் பயந்து பின்னால் போனேன்.

அதில் வசதியும் உண்டு, வம்பும் உண்டு. தலைகீழாக மாட்டினால் லென்சுக்கும் கேமராவுக்கும் பேச்சு வார்த்தை அற்றுப்போகும். அதனால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வளையம் லென்சிலேயே இருக்கிற பழைய வகையாகப் பார்த்து எடுத்திருந்தாள். போகஸ் திருப்ப முடியாது, உடம்பைத்தான் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். மூச்சு விட்டாலே பூ மங்கிவிடும். பூவுக்கும் லென்சுக்கும் நடுவில் நான்கு விரல் இடம்கூட இருக்காது. காற்று வந்தால் எல்லாம் போச்சு, எங்கள் மலையிலோ காற்று வராத நேரமே கிடையாது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள்: ஒரு கம்பை மண்ணில் ஊன்றி, துணி காயப்போடும் கிளிப்பால் பூக்காம்பை அதோடு பிடித்துவைப்பாள்.

இவ்வளவு பாடுபட்டும் சங்கத்தின் வருடாந்தக் கண்காட்சியில் அவள் படம் ஒரு தடவைகூடச் சுவரேறவில்லை. ரோசாப்பூ கொடுத்தாள், திரும்பி வந்தது. டேலியா கொடுத்தாள், அதுவும் வந்தது. போன வருடம் வியாகுலம் சேர் மரியாதையாகத்தான் சொன்னார்: "பிள்ளை, படம் சுத்தமா இருக்கு. ஆனா இதே பூவ இதவிட நல்ல லென்சுல பத்துப் பேரு எடுத்திருக்காங்க. நான் எதுக்கு உங்களோடத மாட்டணும்?"

அவள் படத்தை வாங்கிக்கொண்டு திரும்பினாள். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை விட்டாள். அடுத்த வருடமும் சுவரில் ஏறாவிட்டால் கேமராவை விற்றுவிட்டுத் தையல் மெசின் வாங்கிவிடுவாளாம். நான் சும்மா கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். கந்தப்பளையில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிற வினோஜன் என்ற பையனிடம் பேசியே வைத்துவிட்டாள். கண்காட்சி திறக்கிற அன்று மண்டபத்துக்கே வந்து கேமராவை வாங்கிக்கொள்ளச் சொன்னாளாம். அவள் சொன்னால் சொன்னதுதான், கழுதைப் பிடிவாதம்.  அந்தக் கேமரா போனால் அவளுடைய ஞாயிற்றுக்கிழமை போகும், என்னுடையதும் போகும்.

இந்த வருடத் தலைப்பு 'மலைநாட்டுப் பூ'. எல்லோரும் விக்டோரியா பூங்காவுக்கு ஓடினார்கள். வடிவு ஓடவில்லை. டயகம பக்கத்தில் அவள் பிறந்த தோட்டத்துக்கு அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தோம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்துக்கு மேலே தண்ணித் தாங்கிப் பக்கம், கொழுந்தெடுக்க ஆள் போதாமல் கொஞ்ச நாளாகக் கைவிட்டிருந்த மலை. மலை என்றால் தோட்டத்தில் தேயிலை நட்ட ஒரு பகுதி. கொழுந்து கிள்ளாமல் விட்டதால் அங்கே தேயிலைச் செடிகள் பூத்திருந்தன. வெள்ளை இதழ், நடுவில் கொத்தாக மஞ்சள் மகரந்தம், வெட்கப்பட்ட மாதிரி எல்லாப் பூவும் கீழே பார்த்துக்கொண்டு. சுற்றிலும் தேயிலையையே பார்த்து வளர்ந்த நாங்கள் இரண்டு பேரும் அதை அன்றைக்குத்தான் நின்று பார்த்தோம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

"இத யாருமே மாட்டினதில்லடி" என்று என் கையைக் கிள்ளினாள். அன்று பனி மூடி வெளிச்சம் போயிருந்தது. ஒரு செடியில் நிறைய மொட்டு இருந்ததால் அடுத்த ஞாயிறு வந்து எடுப்பதாக முடிவு. திங்கட்கிழமை காலையில் படத்தைக் கொடுத்தாக வேண்டும், ஆக அந்த ஒரு ஞாயிறுதான். வீடு திரும்பும்போது அவளுடைய மதினி ஜீவராணியிடம், தண்ணித் தாங்கி மலைக்குப் படம் எடுக்க வருகிறேன், நுவரெலியாவில் மாட்டுவதற்கு என்று மட்டும் சொன்னாள். எந்தப் பூ என்று சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று கூச்சம், வேறு யாராவது முந்திக்கொள்வார்கள் என்று பயம்.

அந்த ஞாயிறு விடிந்தபோது வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. முதல் பஸ்சைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். தண்ணித் தாங்கிப் பக்கம் ஏறினால், அங்கே கொழுந்தெடுக்கும் பெண்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்றார்கள். தீபாவளிச் சேலை, தலையில் பூ, முகத்தில் பவுடர். முன்னால் ஜீவராணி, மெரூன் பட்டில், மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிறவள் மாதிரி. அவர்களுக்குப் பின்னால் மலை பச்சைப்பசேலென்று மட்டமாக, மேசை மாதிரி இருந்தது. ஒரு பூ இல்லை. ஒரு மொட்டுக்கூட இல்லை.

"ரெண்டு நாளா வேலை முடிஞ்சு வந்து நாங்களே சுத்தம் பண்ணிட்டோம்" என்றாள் ஜீவராணி, பெருமை முகத்தில் வழிய. "மலை பூத்துக் கெடந்தா என்ன அர்த்தம்? இந்தத் தோட்டத்துப் பொம்பளைங்க வேலை செய்யலன்னு அர்த்தம். அத நுவரெலியாவில நாலு பேரு பாக்க விடுவோமா? பூ வேணும்னா நம்ம வாசல்ல டேலியா இருக்கு, பக்கத்துல நாங்க நிக்கிறோம், எடுத்துக்க."

வடிவு செடிக்குச் செடி குனிந்து பார்த்தாள். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். சின்னப்பிள்ளை அழுகை, மூக்கைச் சிந்துகிற அழுகை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. விஷயத்தை நான்தான் போட்டு உடைத்தேன். தேயிலைப் பூவைத்தான் எடுக்க வந்தோம், நாளைக்குக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கேமரா போகிறது என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தேயிலைப் பூவைப் படம் எடுப்பதா என்று ஒருத்தி முணுமுணுத்தாள், அவளை மற்றவள் இடித்தாள். ஜீவராணிக்கு முகம் விழுந்துவிட்டது. முந்தானையால் வடிவின் முகத்தைத் துடைத்து, இதை முன்னாலேயே சொல்லியிருக்கக்கூடாதா என்று திட்டினாள். திட்டிக்கொண்டே யோசித்தாள். "முனியாண்டி செடி இருக்குல்ல" என்றாள் கடைசியில்.

ஓடைக்குக் கீழே முனியாண்டிக் கல். பக்கத்தில் ஒரு தேயிலைச் செடி. சாமிக்கு விட்டது என்று யாரும் அதில் கொழுந்து கிள்ளியதில்லை, கத்தி வைத்ததில்லை. அது வளர்ந்து மரமாகவே ஆகிவிட்டது. வடிவு சின்ன வயதிலிருந்து கும்பிட்ட இடம், ஆனால் கும்பிடுகிறவள் கண்ணை மூடிக்கொண்டுதானே நிற்பாள். இப்போது போய் நிமிர்ந்து பார்த்தோம். கிளைக்குக் கிளை பூ.

சந்தோஷப்பட்டு முடிவதற்குள் அடுத்த வம்பு. அந்தச் செடியைத் தொடக்கூடாது. கிளிப் போடக்கூடாது, காம்பைப் பிடிக்கக்கூடாது, இலை உதிரக்கூடாது. ஜீவராணி சூடம் கொளுத்தி, எதையும் பறிக்கப் போறதில்ல சாமி, பாக்கத்தான் போறா என்று அனுமதி வாங்கினாள். வடிவு செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழ்க்கிளைக்கு அடியில் மல்லாந்து படுத்தாள், பூக்கள் கீழே பார்க்கின்றனவே. சரியாக அந்த நேரம் ஓடைப் பள்ளத்திலிருந்து காற்று ஏறியது. பூ ஊஞ்சல் ஆடியது. அவள் எடுத்த படம் எல்லாம் வெள்ளைப் புகையாக வந்தது. லென்சைத் தள்ளிப் பிடித்தால் தெளியவில்லை, நெருங்கினால் பூ வந்து கண்ணாடியில் இடித்துவிடும் போலிருந்தது.

"படங்க எடுத்துட்டு வாங்க" என்று ஜீவராணி சத்தம் போட்டாள். கொழுந்தெடுக்கும்போது சேலை நனையாமல் இடுப்பில் கட்டும் விரிப்புத்தான் படங்கு. இவர்களுடையது வெள்ளை உரச்சாக்கைப் பிரித்துத் தைத்தது. பட்டுச் சேலையோடு லயத்துக்கு ஓடி ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தார்கள். செடியைச் சுற்றி வட்டமாக நின்று, கைகளைத் தூக்கி, படங்கை விரித்துச் சுவர் கட்டினார்கள். மரத்தை உரசாமல் ஒரு சாண் தள்ளி. சேற்றில் சேலைக்கரை நனைந்தது. யாரும் கீழே பார்க்கவில்லை.

காற்று நின்றது. அதைவிட, வெயில் அந்த வெள்ளைச் சாக்குகளில் பட்டு மெத்தென்று உள்ளே இறங்கியது. பூவின் இதழ் பால் மாதிரி வந்தது, மகரந்தம் ஒவ்வொரு தூளாகத் தெரிந்தது. அந்த வெளிச்சத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. வடிவு மூச்சை அடக்கினாள். அவளைப் பார்த்து வட்டத்தில் நின்றவர்களும் அடக்கினார்கள். நானும்தான். கேமரா சத்தம் மட்டும் கேட்டது, ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு தொடர்ந்து. அவள் எழுந்தபோது முதுகு முழுக்கச் சேறு, கழுத்தில் அட்டை, முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது.

கண்காட்சி திறந்த அன்று எங்களுக்கு முன்னாலேயே தோட்டத்துப் பெண்கள் வேன் பிடித்து வந்து நின்றார்கள். வடிவு உள்ளே நுழைய மாட்டேன் என்று படியிலேயே நின்றுவிட்டாள். கேமராப் பையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தாள். வினோஜனும் சொன்னபடி வந்து ஓரமாகக் காத்திருந்தான். நான்தான் உள்ளே போய்ப் பார்த்தேன். வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில், எல்லாப் படத்துக்கும் நடுவில், தாம்பாளம் அளவுக்குப் பெரிதாக எங்கள் தேயிலைப் பூ. கீழே அவள் பெயர். நான் கத்திய கத்தலில் வெளியே நின்றவர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

வியாகுலம் சேர் வடிவிடம் வந்தார். என்ன லென்ஸ் என்று கேட்டார். அவள் தலைகீழ் லென்சைக் காட்டினாள். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "லென்ஸ விடுங்க பிள்ளை" என்றார். "இந்த வெளிச்சம் எங்கேருந்து வந்துச்சு?"

வடிவு திரும்பிப் பெண்களைக் காட்டினாள். அவர்கள் கூச்சத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள். அப்போது கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மா படத்தின் முன்னால் நின்று, இவ்வளவு அழகாக இருக்கிறதே, என்ன பூ இது என்று கேட்டார். யாரும் பதில் சொல்வதற்குள் ஜீவராணி முன்னால் வந்தாள். மலை பூத்தால் மானம் போகும் என்று இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனையையும் கிள்ளிப் போட்டவள். "எங்க பூங்க" என்றாள் சத்தமாக. "எங்க மலையில பூத்தது."

வடிவு பையைத் திறந்து கேமராவை எடுத்தாள். படம் ஏறியும், வரச்சொன்ன பையனுக்காகக் கொடுத்துவிடுவாளோ என்று பார்த்தேன். ஆனால் அதற்குள் வினோஜன் தானாகவே வந்து, அக்கா, இத வித்தீங்கன்னா உங்களவிட எனக்குத்தான் பாவம் என்று சொல்லிவிட்டு வடை சாப்பிடப் போய்விட்டான். ஜீவராணி அவளைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அதெல்லாம் சரி. அன்னைக்குப் படம் எடுக்கப் போறன்னு பட்டுக் கட்டிக்கிட்டு வந்தோம். சேறும் சகதியுமா சாக்கு புடிச்சதுதான் மிச்சம். எங்கள எப்ப எடுக்கப் போற?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அன்றைக்கு அவர்களில் ஒருத்தியைக்கூட நாங்கள் ஒரு படம் எடுத்திருக்கவில்லை. அதே சேலைகளைத் துவைத்துக் கட்டிக்கொண்டுதான் அத்தனை பேரும் வந்திருந்தார்கள், கரையில் சேற்றுக்கறை இன்னும் முழுசாகப் போகவில்லை. வடிவு தலைகீழ் லென்சைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். சாதாரண லென்சை நேராக மாட்டினாள். பூப்படத்துக்கு முன்னால் அவர்களை வரிசையாக நிற்கவைத்து, எல்லோரும் உள்ளே வருகிற வரைக்கும் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள்.