அம்மாவின் அகராதி ஆங்கிலம்

அந்தப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் வருவது அந்துருண்டை வாசனை. எழுத்தெல்லாம் அதற்குப் பிறகுதான். ஓய்வுபெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலிசெய்த ஓர் அதிகாரியின் மனைவி, எடுத்துப்போக இடமில்லையென்று என் அம்மாவிடம் தந்துவிட்டுப் போன ஆங்கில–தமிழ் அகராதி அது. அட்டை இல்லை, அப்பா பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அச்சானது. நெய்வேலியில் நான் ஏழாம் வகுப்புப் படித்த அந்த வருஷம், இரண்டாயிரத்துப் பத்துகளின் தொடக்கம், அப்பா முதல் ஷிஃப்டுக்கு மைன்ஸுக்குக் கிளம்பிப் போனதும் அம்மா சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து அதை வாய்விட்டுப் படிப்பாள்.

பண்ருட்டிப் பக்கத்து ஊரொன்றில் தமிழ் வழியில் பன்னிரண்டாவது முடித்த கையோடு கல்யாணமாகி வந்தவள். அவளுடைய ஆங்கிலம் முழுக்க அந்தப் புத்தகம் கொடுத்தது. ரேடியோவை "வயர்லெஸ்" என்பாள். வருகிறேன் என்பதற்கு "ஐ ஷால் கம்" என்பாள். மூன்று தடவை என்றால் "த்ரைஸ்". எங்கள் பிளாக்கில் வேறு எந்த அம்மாவும் அப்படிப் பேசவில்லை என்பதால், தோழிகள் வந்தால் வாசலோடு பேசி அனுப்பிவிடுவேன். அப்பாவுக்கு இந்தச் சங்கடமே கிடையாது. "ஷிஃப்டு, குவார்ட்டர்ஸு, பர்மனென்ட்டு, இதெல்லாம் இங்கிலீசா? நம்ம பேச்சுதான" என்பார்.

பக்கத்து பிளாக்கில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளி இருந்தது. அங்கே உதவி ஆசிரியை தேவை என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் கொடுக்கப் போன அம்மா, காலைப் பிரார்த்தனையில் குழந்தைகள் கைகூப்பிப் பாடியதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டாளாம். நேர்காணலில் அதைப் பற்றி ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டுமென்று அகராதியில் ஒரு சொல்லைத் தேடி எடுத்தாள். முந்தின நாள் சாயங்காலம், நான் டிவி பார்த்துக்கொண்டிருக்க, எதிரில் வந்து நின்று சொல்லிக் காட்டினாள்: "யுவர் சில்ட்ரன்ஸ் பிரேயர் இஸ் ஆஃபுல்."

"சரியா இருக்குதா பாப்பா?"

"ஆஃபுல்" என்றால் படுமோசம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் திரையை மறைத்துக்கொண்டு நின்றவள்மேல் எரிச்சலில், "ம், சரி" என்றேன்.

மறுநாள் பள்ளிவிட்டு வந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்னா சொன்னாங்க?" என்றார் அப்பா. "சொல்லி அனுப்புறோம்னாங்க. நல்லாதான் பேசிகினு இருந்தாங்க. நான் அந்த இங்கிலீஷ சொன்னதும் மொகம் மாறிப்போச்சு." நான் அழுதுகொண்டே சொன்னேன்: "அது திட்டற வார்த்தைம்மா. நேத்தே எனக்குத் தெரியும்."

அவள் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. அகராதியை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைக் காட்டினாள். "பயபக்தியை உண்டாக்குகிற" என்றுதான் போட்டிருந்தது. "அப்ப இதுல தப்பா போட்ருக்காங்களா?" என்று கேட்ட அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அடுத்த நாள் எங்கள் பள்ளி நூலகத்தில் புது அகராதியைப் புரட்டினேன். மோசமான, சகிக்க முடியாத என்று முதலில் போட்டு, கடைசியில், பழைய வழக்கு என்ற குறிப்போடு, அம்மாவின் பொருளும் இருந்தது. சொல் அதேதான், காலம்தான் அதைத் தலைகீழாகப் புரட்டிவிட்டிருந்தது. நூலக மிஸ்ஸிடம் கெஞ்சி அதை வாங்கிக்கொண்டு ஓடிவந்து, அம்மாவையும் இழுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன்.

திருநெல்வேலிக்காரரான தலைமை ஆசிரியை முன்னால் இரண்டு புத்தகங்களையும் விரித்துவைத்து அம்மா நின்றுகொண்டே சொன்னாள்: "மேடம், நான் உங்க பிள்ளைங்கள கொற சொல்லலீங்க. அவங்க பாட கேக்கசொல்ல எனக்கு ஒடம்பு சிலுத்துப்போச்சுங்க. அதத்தான் சொல்ல வந்தேன். இந்த வார்த்தைக்கு அர்த்தம் மாறிப்போச்சுன்னு எனக்கு யாரும் சொல்லலீங்க."

என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் நிதானமாகப் படித்தார். "எத்தனையோ வருஷமா இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கேன், இத நான் பாத்ததே இல்ல. உக்காருங்கம்மா" என்றவர், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "திங்கக்கிழமை வந்திருங்க. ஆனா பிள்ளைகள்ட்ட இந்தப் புஸ்தகத்து இங்கிலீஷ் வேண்டாம்" என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சொன்னதைச் சொன்னபடி செய்தாள். நர்சரிக் குழந்தைகளும் மற்ற மிஸ்களும் பேசியதைக் கேட்டுக் கேட்டு இரண்டே வருஷத்தில் எல்லாரையும் போலப் பேசத் தொடங்கினாள். அதற்குப் பிறகு என் தோழிகள் தாராளமாக உள்ளே வந்தார்கள்.

அப்பா ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டுப் பண்ருட்டியில் குடியேறிவிட்டார்கள். சாமான் ஏற்றியபோது அகராதி எந்த மூட்டையில் போனதென்று யாருக்கும் தெரியவில்லை. போன மாதம் பெங்களூரிலிருந்து போனில் பேசும்போது, "அம்மா, முன்ன மாதிரி ஒருவாட்டி இங்கிலீஷ் பேசிக் காட்டேன்" என்று கேட்டேன். அவள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் வரல பாப்பா" என்றாள்.