பாலன் வருகிற பாதை

என் மகன் விடிந்ததிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில் குந்திக்கொண்டிருக்கிறான். நத்தாருக்கு ஒன்லைனில் வாங்கிய சப்பாத்து வந்துகொண்டிருக்கிறதாம். "அம்மா, லுக், ட்ரக் ரூஜ் ஆத்தைத் தாண்டிட்டுது!" என்று கத்துகிறான். நான் குசினியில் ரிச் கேக்குக்கு பிராண்டி தெளித்துக்கொண்டு நின்றவள், எட்டிப் பார்த்தேன். வரைபடத்தில் ஒரு புள்ளி நாங்கள் இருக்கிற பிக்கரிங்கை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. பிராண்டிப் போத்தலைக் கீழே வைத்துவிட்டு அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிக்காதீர்கள். ஒரு சோடிச் சப்பாத்து வந்து சேருமோ என்று பயப்படுகிற பொம்பிளை உலகத்தில் நான் ஒருத்திதான், காரணத்தையும் கேளுங்கள்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக டொரொண்டோவில், மல்வேர்னில் இருந்த காலத்தில், எங்கள் வீட்டுக்கும் மார்கழி முழுக்க ஒருவர் வந்துகொண்டே இருப்பார். அவர் குழந்தை யேசு; வீட்டில் பாலன் என்போம். மாதம் பிறந்ததும் அப்பா பலசரக்குக் கடைக் கடுதாசிப் பைகளைக் கசக்கி, தேயிலைச் சாயம் பூசி, மலை செய்து பாலன்குடில் கட்டிவிடுவார். மாதா, சூசையப்பர், ஆடு, மாடு எல்லாரும் இடம்பிடித்துவிடுவார்கள். நானும் தங்கச்சியும் பஞ்சைப் பிய்த்து மலைக்கு மேல் பனி போடுவோம். யன்னலுக்கு வெளியே முழங்கால் அளவுக்கு அசல் பனி கிடக்கும், அதை யார் கணக்கில் எடுத்தார்கள்! நடுவில் வைக்கோல் மட்டும் வெறுமையாக இருக்கும்.

"பாலன் இப்ப எங்க நிக்கிறார் அப்பா?"

வேலையால் வந்த அப்பா பூட்ஸில் ஒட்டிய, பனி உருக ரோட்டில் போடுகிற உப்பைத் தட்டிக்கொண்டே சொல்லுவார். "இண்டைக்குக் கொழும்பில, லொட்ஜில நிக்கிறார்." பிறகொருநாள் பாங்கொக். பிறகு மொஸ்கோ; அங்கே குளிர் தாங்காமல் ஆரிடமோ சுவெட்டர் இரவல் வாங்கினாராம். பிறகு பிராங்க்பர்ட். கடைசியில் டொரொண்டோவில் கெனடி சப்வே ஸ்டேஷன், அங்கிருந்து எங்கள் பஸ். அப்பா அகதியாக வந்த பாதை அதுதான். பெத்லகேமிலிருந்து டொரொண்டோவுக்கு வேறு வழி இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. குழந்தை யேசு மொஸ்கோவில், அகதிகளைக் களவாக ஏற்றி அனுப்புகிற ஏஜென்சிக்காரனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று நான் வகுப்பில் எழும்பிச் சொல்லி, ரீச்சர் வீட்டுக்குப் போன் எடுத்துவிட்டார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றுதான் கோபம்.

நத்தாருக்கு முதல்நாள் மாலைப் பூசைக்கு வெளிக்கிட்டுவிட்டு, குடிலுக்கு முன்னால் கண்ணை மூடிச் செபம் சொல்லுவோம். கண்ணைத் திறந்தால் பாலன் வைக்கோலில் படுத்திருப்பார். அப்பாவின் கை எப்போது போய் வந்தது என்று ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை. உண்மையைச் சொன்னால், கண்டுபிடிக்க எனக்கு விருப்பமும் இருக்கவில்லை.

ஒரு வருசம் சின்ன மாமாவும் அதே பாதையில் எங்களிடம் வர வெளிக்கிட்டார். அம்மாவின் ஒரே தம்பி, மன்னாரில் இருந்தவர். மொஸ்கோவிலிருந்து ஒருக்கால் கதைத்தார். "அக்கா, அடுத்த கிழமை ஏத்துறாங்களாம். கிறிஸ்மஸுக்கு உங்கட கேக்தான்." அதோடு சரி. அடுத்த கிழமை போனது, அதற்கடுத்ததும் போனது. ஏஜென்சிக்காரன் முதலில் "வருவார், வருவார்" என்றான், பிறகு போனைத் தூக்குவதையே விட்டுவிட்டான்.

மாமாவின் போன் மணி கேட்காமல் போய்விடுமோ என்று வீட்டில் மூச்சுவிடவே பயமாக இருந்தது. ரீவிச் சத்தம் கூடினால் அடி. அப்பாவின் தங்கச்சி, எங்கள் மாமி, போன் எடுத்தால், "லைனை விடுங்கோ மச்சாள், பிறகு கதைப்பம்" என்று அம்மா டக்கென்று வைத்துவிடுவார். கேக்குக்கு ஊறவைத்த முந்திரிகை வற்றல் போத்தலுக்குள் கிடந்து வீடெல்லாம் மணத்தது, அதைத் தொட ஆளில்லை.

ஐந்து வயதுத் தங்கச்சிக்கு இதெல்லாம் எங்கே விளங்கும்? அவள் வழக்கம்போலக் கேட்டாள். "பாலன் எங்க நிக்கிறார் அப்பா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். "தெரியேல்லை பிள்ளை."

"மொஸ்கோவில பிடிச்சுப்போட்டாங்களோ?"

அம்மா எழும்பிப் போய்க் குசினியில் பைப்பைத் திறந்துவிட்டார். அழுகிற சத்தம் எங்களுக்குக் கேட்கக்கூடாதாம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, குடிலைக் காட்டி அப்பாவிடம் சொன்னார்: "கேட்டுக்கொள்ளுங்கோ. என்ர தம்பி வந்து சேராமல் உதுக்குள்ள ஒருத்தரும் படுக்கக்கூடாது. அவருக்கு மட்டும் வழி திறக்குதோ?"

நான் எட்டு வயதுப் பெரிய மனுசி. அம்மா சொன்னால் சொன்னதுதான் என்று எனக்குத் தெரியும். நத்தாரன்று தங்கச்சி கண்ணைத் திறந்து வெறும் வைக்கோலைக் காணப்போகிறாள்.

அந்த மாலையும் வந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு குடிலுக்கு முன்னால் நின்றோம். அப்பாவின் வலக்கை ஜக்கெற் பொக்கெற்றுக்குள் இருந்தது. அம்மா போனுக்குப் பக்கத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒருத்தரும் செபத்தைத் தொடங்கவில்லை. தங்கச்சி கையுறையைக் கழற்றி, உள்ளே சுருட்டி வைத்திருந்த ஒரு கடுதாசியை எடுத்து வைக்கோலில் வைத்தாள். பஸ் ட்ரான்ஸ்பர் துண்டு. அந்த நாளில் அதைக் காட்டினால் அடுத்த பஸ்ஸில் காசில்லாமல் ஏறலாம்.

"என்னடி உது?" என்றேன்.

"பாலனுக்கு. கெனடியில இறங்கி எப்பிடி வாறது? அவரிட்டக் காசு இராதெல்லோ."

அம்மா திரும்பினார். அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். கத்தப்போகிறாரா, அழப்போகிறாரா? கடைசியில் அப்பாவிடம் கையை நீட்டினார். "தாங்கோ."

எங்கள் எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் அப்பாவின் பொக்கெற்றுக்குள் இருந்து பாலன் வந்தார். ஐயோ, எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். தங்கச்சி வாயைப் பிளந்தாள்.

"அப்பாவோட பஸ்ஸிலயா வந்தவர்?"

"ஓம் பிள்ளை," என்றார் அம்மா. "அப்பாவோடதான் வந்தவர்."

"வழியில மாமாவைக் கண்டவராமோ?"

அம்மா பாலனை வைக்கோலில் வைத்து, பஞ்சை இழுத்துப் போர்த்திவிட்டார். "கண்டவராம். சாப்பிட்டவனாம். சுகமா இருக்கிறானாம்."

அடுத்த வருசத்திலிருந்து பாதை சொல்கிற வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். அப்பாவின் பகிடி ஒன்றும் அதில் இருக்காது. பாங்கொக், மொஸ்கோ என்று சொல்லிவிட்டு, "இண்டைக்கும் அந்தப் பொடியனைக் கண்டவராம். கொஞ்சம் மெலிஞ்சிட்டானாம், எண்டாலும் சிரிச்சவனாம்" என்பார். மாமாவின் போன் வரவே இல்லை. நாங்கள் வளர்ந்தோம், எங்களுக்கு எல்லாம் விளங்கியது, ஆனால் கேட்பதை மட்டும் விடவில்லை. தங்கச்சி ஒட்டாவாவில் படிக்கப்போன பிறகும் மார்கழியில் போன் எடுத்து, "எங்க நிக்கிறார் அம்மா?" என்று கேட்பாள். அம்மா கேள்விக்காகக் காத்திருப்பார்.

போன வருசம் அம்மா போய்விட்டார். இப்போது என் பிள்ளைகளுக்கு நான்தான் பாதை சொல்கிறேன். நேற்றுத் தங்கச்சி எடுத்தாள்.

"அக்கா, எங்க நிக்கிறார்?"

"மொஸ்கோவில."

அவள் போனை வைக்கவில்லை. மற்றதையும் சொல்லுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. மாமா சாப்பிட்டாரோ, சுகமாக இருக்கிறாரோ என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அம்மாதான்.