வாக்கெடுப்பில் வென்ற பித்தளை

ராயபுரத்தில் எங்கள் வாலிபர் சங்க மேடையில் நான் முன்மொழிந்த தீர்மானம் எதுவும் அதுவரை தோற்றதில்லை. ஆகவே, ஒரு கிதாரின் நாதத்தையும் வாக்கெடுப்பால் தீர்த்துவிடலாம் என்று நான் நம்பியதில் வியப்பில்லை.

கிதார், ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த என் நண்பனுடையது. அதன் தந்திகள் ஏறி நிற்கும் சிறு எலும்புத் துண்டு ஒரு புதன்கிழமை பிளந்துபோயிற்று. வீணைக்குக் குதிரை எப்படியோ, கிதாருக்கு அத்துண்டு அப்படி; சுண்டுவிரல் நீளம்தான். ஞாயிறன்று மாதா கோயிலில் அவன் தங்கைக்குக் கல்யாணம். அவள் உள்ளே நடந்து வருகையில் அண்ணன் வாசிக்கவேண்டும் என்பது அவள் ஒரே ஆசை. மாப்பிள்ளை வீட்டாரோ ஆர்மோனியத்தின் பக்கம் சாய்ந்திருந்தார்கள்.

புதிய துண்டை எதில் செய்வது? நான் சங்கத்தில் எழுந்தேன். “உடைந்த பொருளையே மீண்டும் நாடுவது அறிவுடைமையாகாது. நம் வீணையின் குதிரை மரமேயாயினும், தந்தி தொடும் அதன் முதுகில் உலோகத் தகடு பதித்திருப்பதை நோக்குங்கள். வீணைக்குத் தகுந்தது கிதாருக்குத் தகாதோ?” ஏழு கைகள் பித்தளைக்கு உயர்ந்தன, எதிர்த்தவை இரண்டு. ஒரு சுரத்தையும் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

வெள்ளி மாலை நண்பன் பட்டறையில் அராவிக் கொண்டுவந்த பித்தளையைப் பொருத்தி, வீட்டுக் கூடத்தில் மீட்டினான். ஓசை பெரிதாகத்தான் எழுந்தது. ஆனால், விரல் எடுத்த பின்னும் மேல் தந்திகள் ஓயாமல் கணகணத்தன.

“ட்ராம் வந்துகினு கீற மாதிரி கீதுண்ணே” என்றாள் தங்கை. “நான் கோயிலுக்குள்ள வரணுமா, வழிவுட்டு ஓரமா நிக்கணுமா?”

“பழகப் பழகச் சரியாகிவிடும்” என்றேன்.

“இன்னா மச்சான், சபைல சொன்னதையே இங்கயும் சொல்லிகினு கீறே” என்று சிரித்தான் நண்பன்.

அவள் சமையலறையிலிருந்து, அலகு மழுங்கிய பழைய மேசைக்கத்தி ஒன்றை எடுத்து வந்தாள். அதன் பிடி மஞ்சளேறிய எலும்பு. நண்பன் அதை அறுத்துத் தேய்த்தான். எனக்கும் ஆவல் பற்றிக்கொண்டது; மரத்தையும் பார்த்துவிடலாமே என்று தேக்குச் சிம்பு ஒன்றை நானே சீவினேன்.

“நீங்க அப்பால திரும்பி நில்லுங்க” என்றாள் அவள். “எது வாசிக்குதுன்னு சொல்லமாட்டோம். புடிச்சா கைய தூக்குங்க. உங்க ஓட்டு ஒண்ணு போதும்.”

ஒவ்வொரு முறையும் தந்திகளைத் தளர்த்தித் துண்டை மாற்றி மீண்டும் சுருதி கூட்டவேண்டியிருந்தது. சுவரின் காரையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். ஒன்று கம்பளிக்குள் பேசுவதுபோல் மங்கி விரைவில் அடங்கியது. அது தேக்கு என்று உடனே புரிந்தது. இன்னொன்றில் கீழ்த் தந்தி உருண்டு வந்தது. மேல் தந்தி தெளிவாக ஒலித்து, உரிய இடத்தில் நின்றது. விரல் நுனி அளவுகூடக் கனமில்லாத ஒரு பொருள் இத்தனை பெரிய மரக்கூட்டின் குரலை எவ்வாறு மாற்றுகிறது? அந்த வியப்பிலேயே கை உயர்ந்தது. வரிசையை மாற்றி மாற்றி மும்முறை வாசித்தார்கள். மும்முறையும் அதே ஒலிக்கே உயர்த்தினேன். கணகணத்த மூன்றாவதை எலும்பென்று தள்ளிவிட்டு, இது பழகிச் சரியாகிவிட்ட பித்தளைதான் என்னும் உறுதியோடு திரும்பினேன்.

கிதாரில் கத்திப் பிடியின் எலும்பு இருந்தது. பித்தளை அவள் உள்ளங்கையில் கிடந்தது.

“மூணு ஓட்டு நைனா, எல்லாமே உன்னுது” என்றான் நண்பன்.

ஞாயிறன்று கடைசி வரிசையில் அமர்ந்தேன். எலும்பின்மேல் தந்திகள் பேசத் தொடங்கியபோது, ஆர்மோனியக்காரர் துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார். மணப்பெண் என்னைக் கடக்கையில், தலை குனிந்தபடியே, பூச்செண்டின் கீழ் ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.

அடுத்த கூட்டத்தில் என் தீர்மானத்தை நானே திரும்பப் பெற்றேன். காரணம் கேட்டார்கள். சுவரைப் பார்த்து நின்றபோது கேட்டதை மேடையில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், முதன்முறையாக இரண்டே வாக்கியத்தில் உட்கார்ந்தேன்.