மலேசியாவில் ஒரு தாகசாந்தி

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் றோட்டில் ஓடினால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். பிள்ளை வாய்க்காலில் விழுந்திருக்க வேண்டும், அல்லது மாடு அறுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். வட்டக்கச்சியில் நான் விடியற்காலையில் ஓடிப் பழகத் தொடங்கியபோது எனக்கு இந்த இரண்டு காரணங்களுமே இருக்கவில்லை. அதை யாரும் நம்பவுமில்லை. முதல் நாளே பால் கொண்டுபோகிற ஐயா ஒருவர் மோட்டார் சைக்கிளை எனக்குக் குறுக்கே நிறுத்தினார்.

“ஏன் பிள்ளை ஓடுறாய்? ஆருக்கு என்ன?”

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை ஐயா. சும்மா ஓடுறன்.”

“சும்மா ஆரும் ஓடுவினமோ? ஏறு, கொண்டுபோய் இறக்கிவிடுறன்.”

நான் ஏறவில்லை. அவர் போகவுமில்லை. பால்கான்கள் கடகடக்க, லைற்றைப் போட்டுக்கொண்டு, நான் வீடு திரும்பும்வரைக்கும் பின்னாலேயே வந்தார். சண்டைக் காலத்தில் இந்த றோட்டில் எல்லாருமே பிள்ளைகளையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள்தான். ஓடுகிற ஒருவரைத் தனியே விட்டுவிட்டுப் போக இங்கே யாருக்கும் மனம் வராது. அது எனக்கும் தெரியும். தெரிந்தாலும் எரிச்சல் எரிச்சல்தான்.

இத்தனைக்கும் காரணம் என் கணவரின் தங்கை, கனடாவில் இருக்கிற மச்சாள். அவளுடைய அம்மாவுக்கு, அதாவது என் மாமிக்கு, கனடா விசா கிடைக்கவில்லை. அங்கிருந்து அவளும் இங்கிருந்து நாங்களும் புறப்பட்டு மலேசியாவில் சந்திப்பதென்று முடிவாயிற்று. கடற்கரையோரமாக ஒரு வீடு எடுத்து, அம்மாவோடும் அண்ணன் குடும்பத்தோடும் விடுமுறையைக் கழிப்பது அவளுடைய திட்டம். நல்ல திட்டம்தான். அத்தோடு அவள் நிறுத்தியிருக்கலாம்.

“மச்சாள், நாங்கள் நிக்கிற இடத்திலை அந்த ஞாயிறு ஒரு போட்டி நடக்குது. கடலிலை நீந்தி, சைக்கிள் ஓடி, பிறகு ஓடுறது. உங்களுக்குப் பதிஞ்சிட்டன்” என்றாள் தொலைபேசியில்.

“உங்களுக்கு விசரே?”

“குளத்திலை நீந்தின ஆள்தானே நீங்கள்?”

நீந்துவது உண்மை. இரணைமடுவில் முதலைக்குப் பயந்து பயந்து நீந்திப் பழகியவள் நான். சைக்கிளும் பழக்கம்தான். விவசாயப் போதனாசிரியராக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வயல் வயலாகச் சைக்கிளில்தான் அலைந்தேன். ஆனால் இந்தப் போட்டியில் சைக்கிள் ஓடும் தூரம் கிளிநொச்சியில் ஏறினால் வவுனியாவையும் தாண்டிவிடும். அதற்குப் பிறகு வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சிக்கு ஓடிப்போய், திரும்பவும் ஓடிவருகிற அளவுக்கு ஓட்டம். குறித்த நேரத்துக்குள் முடிக்காவிட்டால் முடித்த கணக்கிலேயே வராது.

நான் ஓமென்று ஒத்துக்கொண்டதற்குக் காரணம் வீரம் இல்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் தொடங்கிய எதையும் ஒரே மூச்சில் முடித்ததில்லை. தேத்தண்ணீரைக்கூட. கோப்பையை வாயில் வைத்ததும் இவர் “இஞ்சேரும்” என்பார். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் “அம்மா” என்பார்கள். அதையும் முடித்துவிட்டு வந்தால் மாமி “பிள்ளை” என்பார், தேத்தண்ணீர் ஆறிப்போயிருக்கும். ஒரேயொரு நாள், ஒரேயொரு காரியத்தை, யாரும் கூப்பிடாமல், யாருடைய கையும் படாமல், தொடக்கத்திலிருந்து முடிவுவரை நானே செய்து முடிக்க வேண்டும். அதற்குக் கடலில் குதிக்க வேண்டும் என்றால் குதிக்கிறேன் என்று நினைத்தேன்.

மாமிக்கு விசயத்தைச் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஆர் துரத்துறது?”

மாமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நடந்து போகிற சனத்துக்கு றோட்டோரம் பந்தல் போட்டு மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுப்பார்கள். அதற்குத் தாகசாந்தி என்று பெயர். அந்தப் பந்தலில் ஒவ்வொரு வருடமும் அகப்பை மாமியின் கையில்தான் இருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்தப் பந்தலைக் கடந்து போனவரை நான் இதுவரை கண்டதில்லை. பஸ்ஸில் போகிறவர்களையும் விடமாட்டார். பஸ்ஸை மறித்துவிட்டு ஜன்னலால் நீட்டுவார். சாரதியும் குடித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இப்படிப்பட்டவரை நான் போட்டி நடக்கிற றோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். சைக்கிள்கள் எங்கள் வீட்டு வாசல் கேற்றைக் கடந்துதான் போகுமென்பதைப் போய் இறங்கிய பிறகுதான் கவனித்தேன்.

நீச்சலில் எனக்குப் பிரச்சினை இருக்கவில்லை. கடலில் முதலை இல்லை என்ற நிம்மதியில் கொஞ்சம் மெதுவாகவே நீந்திவிட்டேன் போல. மச்சாள் கனடாவிலிருந்து கொண்டுவந்த சைக்கிள் காற்றாக ஓடியது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் கேற் தெரிந்தது. கேற்றுக்கு முன்னால், றோட்டின் நடுவில், கையை நீட்டிக்கொண்டு மாமி நின்றார்.

வட்டக்கச்சிச் சந்தியில் பஸ்ஸை மறிக்கிற அதே கை. நான் யோசிக்கவே இல்லை, பிறேக் பிடித்துவிட்டேன். இத்தனை வருடப் பழக்கம், மாமி கைகாட்டினால் கால் தானாக நின்றுவிடும். வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனேன். திறந்த வாய்க்குள் புட்டும் வாழைப்பழமும் குழைத்த ஒரு பெரிய உருண்டை போய்விட்டது.

“வெறும் வயித்தோடை ஓடுறாள்” என்றார், றோட்டுக்குச் சொல்வதைப் போல.

பின்னால் வந்த நடுவரின் மோட்டார் சைக்கிள் நின்றது. மலாய்க்காரர், நல்ல மனிதர், ஆனால் முகத்தில் சிரிப்பில்லை. ஓர் அட்டையை எடுத்து எனக்குக் காட்டினார். என் வாய் நிறையப் புட்டு. கேற்றடியில் நின்ற மச்சாள் ஓடிவந்து அவரோடு கதைத்துவிட்டுத் தமிழில் சொன்னாள்:

“அம்மா, வெளியாக்கள் சாப்பாடு குடுக்கக்கூடாதாம். இது முதல் தரம். இன்னொருக்கா வீட்டாக்களின்ரை கையாலை ஏதும் வாங்கினாவெண்டால் மச்சாளைப் போட்டியிலையிருந்து எடுத்துப்போடுவினமாம்.”

“ஏன், இவரின்ரை சாப்பாட்டையோ குடுத்தனான்?” என்று மாமி கேட்டார். பிறகு நடுவருக்கும் ஓர் உருண்டையை நீட்டினார். அவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் சைக்கிளை மிதித்தேன். மிச்சத் தூரம் முழுவதும் என் மனதுக்குள் ஓடியதை எழுத முடியாது. ஒரு நாள்தான் கேட்டேன். ஒரேயொரு நாள். அதையும் புட்டுக் குழைத்துத் தின்னத் தந்துவிட்டார்களே என்று வந்த ஆத்திரத்தில் மேடுகள்கூடத் தெரியவில்லை.

ஓட்டம் கடற்கரை றோட்டில், ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட வேண்டும். முதல் சுற்றில் என் கணவர் றோட்டின் மறுகரையில் எனக்குச் சமாந்தரமாக ஓடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்தால் குற்றமென்று மச்சாள் சொல்லி வைத்திருக்கிறாள்.

“இஞ்சேரும்” என்று கத்தினார். “சின்னவன்ரை சளி மருந்தை எங்கை வைச்சனீர்?”

பதில் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

“நீலப் பையிலை. பக்கத்துச் சிப்புக்குள்ளை.”

“எந்த நீலப் பை?”

அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது சுற்றில் மூலைக்குத் திரும்பியபோது கூட்டமாக இருந்தது. அந்த மூலையில் ஒரு தமிழரின் மளிகைக் கடை. கடைவாசலில் மேசை போட்டு, மேசையில் பெரிய பானை வைத்து, பானைக்குப் பின்னால் அகப்பையோடு மாமி நின்றார். தயிர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சம்புளி எல்லாம் கடைக்காரர் கொடுத்தவை. காசு வாங்க மாட்டேன் என்றாராம். தைப்பூசத்துக்கு அவரும் பந்தல் போடுகிறவர்.

நடந்தது இதுதான். ஒருத்திக்கு மட்டும் கொடுத்தால்தானே குற்றம், எல்லாருக்கும் கொடுத்தால் என்ன என்று மாமி கேட்டிருக்கிறார். மச்சாள் போய் நடுவரைக் கேட்டிருக்கிறாள். பாகுபாடில்லாமல் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் கொடுப்பதென்றால் தான் கண்டுகொள்ள மாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் அட்டை காட்டப்பட்ட அந்தப் பெண்ணுக்கு உங்கள் கையால் ஒரு சொட்டுக்கூடப் போகக்கூடாது, போனால் அத்தோடு அவளுக்குப் போட்டி முடிந்தது என்றும் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு ஒரு கோப்பை மோர் குடித்திருக்கிறார்.

வெள்ளைக்காரர், சீனர், யப்பானியர் எல்லாரும் குடித்தார்கள். மிளகாய் கடிபட்ட ஒரு பெரிய மனிதர் கண்ணில் தண்ணீரோடு என்னைத் தாண்டிப் போனார். அதுவரை அவர் எனக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார். நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு கடந்தேன்.

கடைசிச் சுற்றில் வெயில் மண்டைக்குள் இறங்கிவிட்டது. போட்டி நடத்துகிறவர்கள் வைத்த மேசைகளில் இனிப்புத் தண்ணீர்தான் இருந்தது. ஒரு மிடறு விழுங்கினாலே வயிறு புரட்டியது. ஓட்டம் நடையாகி, நடையும் தள்ளாட்டமாகியிருந்தது. நேரம் முடியப் போகிறதென்று ஒலிபெருக்கியில் சொல்வது கேட்டது. உப்பும் புளிப்புமாக ஒரு மிடறு கிடைத்தால் போதும், மற்றதெல்லாம் பிறகு என்று உடம்பு சொல்லியது. ஒரு வருடப் பயிற்சி, யார் கையும் படாமல் முடிப்பது என்ற பெரிய கதை எல்லாம் அந்த வெயிலில் எங்கேயோ போய்விட்டன. மூலைக்கு வந்தேன். எனக்கு முன்னால் போன பெண்ணுக்கு மாமி மோர் கொடுத்து, முதுகைத் தடவி அனுப்பினார். அடுத்த கோப்பையை நிறைத்தார். நான் மேசைக்கு முன்னால் நின்றுவிட்டேன். என் கை தானாக நீண்டது.

மாமி என் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பிறகு கோப்பையை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

“உனக்கில்லை” என்றார். “போ.”

கேட்டது சரிதானா என்று நின்று பார்த்தேன்.

“என்ன பாக்கிறாய்? போவெண்டெல்லோ சொல்லுறன்.”

ஊரில் எவனெவனுக்கோ பஸ் ஜன்னலால் ஊற்றுகிற மனுசி, சொந்த மருமகள் நாக்கு வறண்டு நிற்கும்போது போ என்கிறாரா. எனக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னால் அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. இருக்கட்டும், இதை முடித்துவிட்டு வந்து கேட்கிறேன் ஒரு கேள்வி என்று ஓடத் தொடங்கினேன். கால்கள் எங்கிருந்தோ திரும்பக் கிடைத்தன. அந்தக் கேள்வியை எப்படியெல்லாம் கேட்கலாமென்று நினைத்து நினைத்தே மிச்சத் தூரம் முழுவதையும் ஓடினேன்.

முடித்தேன். நேரத்துக்குள் முடித்தேன். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். பிள்ளைகள் வந்து கட்டிப்பிடித்தார்கள். மச்சாள் படம் எடுத்தாள். இவர் மருந்து கிடைத்துவிட்டதென்று சொன்னார். மாமி இல்லை. பின்னால் இன்னும் ஆட்கள் வரவேண்டியிருக்கிறதாம், அவர்களை விட்டுவிட்டு வரமாட்டாராம்.

கால்களை இழுத்து இழுத்துத் திரும்பவும் அந்த மூலைக்குப் போனேன். கேள்வி வாயில் தயாராக இருந்தது. மாமி கடைக்காரரின் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். பானை கவிழ்த்துக் கழுவப்பட்டிருந்தது.

“முடிச்சிட்டியோ?”

“ஓம்.”

பதக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“எனக்கு இவ்வளவு வயசாச்சு பிள்ளை. தண்ணி விடாயோடை வந்த ஒருத்தரையும் நான் வெறுங்கையோடை அனுப்பினதில்லை. இண்டைக்குத்தான்.”

கேட்க வந்த கேள்வி எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் பக்கத்தில் தரையிலேயே இருந்தேன்.

“நீங்கள் தந்திருந்தா நான் வாங்கிக் குடிச்சிருப்பன் மாமி.”

“எனக்குத் தெரியும்” என்றார். “அதுதான் தரேல்லை.”