ஆடி மாதத்து நூல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில் நாகர்கோவிலில், கையால் சுழற்றி நூல் நூற்கும் தக்ளி ஒன்று வாங்கினேன். தோவாளைப் பள்ளிக்கூடத்தில் வேலை முடிந்து வந்ததும் தினம் ஒரு மணி நேரம் பஞ்சு நூற்பேன். நூற்றதைச் சிட்டமாகச் சுற்றி, தேதியும் அன்றைய மழை, காற்றும் எழுதிய சீட்டைக் கட்டி வைப்பேன்.

சித்திரை நூல் கயிறுபோல இருந்தது. வைகாசியில் கை படிந்தது. அந்தத் தெம்பில், தை மாதம் கொட்டாரத்தில் நடக்கவிருந்த தன் கல்யாணத்துக்கு என்னை அழைத்த மைத்துனனிடம், என் நூலில் நெய்த வேட்டியைத்தான் உடுத்துவேன் என்று சொல்லிவிட்டேன். அவன் என் மனைவியின் தம்பி. கேலிப் பேச்சில் அவனை வெல்ல முடியாது.

"பாத்துக்கிடுங்க அத்தான், சாக்க உடுத்திக்கிட்டு வந்துராதீங்க," என்றான்.

ஆடியில் கணவாய்க் காற்று இறங்கியது. பஞ்சு காய்ந்து இழை அறுந்துகொண்டே இருந்தது. லேசாக ஈரம் காட்ட வேண்டும் என்று ஒரு புத்தகத்தில் படித்து, பஞ்சை ஈரத்துணியால் மூடினேன். ஈரம் கூடிப்போய் முடிச்சு முடிச்சாக வந்தது. அதற்கும் சீட்டுக் கட்டினேன். ஐப்பசி மழையில் நூல் தானாகவே மெலிந்து நீண்டது.

கார்த்திகைக் கடைசியில் எல்லாவற்றையும் வடசேரியில் ஒரு நெசவாளரிடம் கொண்டுபோனேன். நீளவாக்கில் ஓடும் பாவுக்கு இது தாங்காது, மில் நூல் போடுவோம், குறுக்கே ஓடும் ஊடைக்கு இதை வைத்துக்கொள்ளலாம் என்றார். நல்லதையும் மட்டத்தையும் கலந்து ஓட்டினால் குறை தெரியாது என்றும் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. சீட்டு வரிசை மாறக் கூடாது என்றேன்.

"உங்க நூலு, உங்க இஷ்டம் அண்ணாச்சி," என்றார்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு வேட்டி வந்தது. ஒரு முனை சாக்கு. மறு முனை நேர்த்தியான துணி. நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு முண்டும் முடிச்சுமாக ஆடி மாதம். எனக்கு மைத்துனன் முகம்தான் கண்ணில் நின்றது.

என் மனைவி முரட்டு முனையை உள்ளே வைத்து எனக்குச் சுற்றிவிட்டாள். ஆடி பக்கவாட்டில் எட்டிப் பார்த்தது. அவிழ்த்து இன்னும் இறுக்கிச் சுற்றினாள்.

"ஆடி உள்ள போயிட்டு. வயித்த எக்கிக்கிடுங்க. பந்தியில ரெண்டாந்தரம் பிரதமன் வாங்கப்பிடாது, கேட்டேளா?"

பிரதமன் என்ற அந்தப் பாயசம் நன்றாக இருந்தது, இரண்டாம் தரமும் வாங்கிவிட்டேன். மாப்பிள்ளைக் கோலத்தில் பந்தியை விசாரிக்க வந்த மைத்துனன் என் இடுப்பருகே குனிந்து, வெளியே வந்திருந்த ஆடியை விரலால் தடவிப் பார்த்தான்.

"சாக்கு இல்ல அத்தான். பாதிதான் சாக்கு."

பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, என் இலைக்கு இன்னொரு கரண்டி விடச் சொன்னான். நான் மறுக்கவில்லை.